அஷ்டாங்க யோகமும் பௌர்ணமி விடுமுறையும்

திருவண்ணாமலையில் தையற்கடை வைத்திருக்கும் தோழர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம்மிடம் வந்து ஒரு சந்தேகம் கேட்டார். காலை எட்டு மணிக்கு மிஷினுக்கு முன் குனிந்தாரானால் இரவு ஒன்பது மணிக்குத்தான் நிமிருகின்றவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. முதுகிலும் கழுத்திலும் ஓயாத வலி. ஆஸ்பத்திரியில் காட்டியதில் டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏதாவது உடற்பயிற்சி செய்யவேண்டும், யோகாசனமாவது கற்றுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கின்றார். ஊரில் விசாரித்ததில் "அஷ்டாங்க யோகம்" என்பதாக ஒன்று சொல்லிக் கொடுக்கப்படுகின்றது என்றும், அதை வெள்ளைக்காரர்கள்கூட வந்து கற்கின்றார்கள் என்றும் தெரியவந்திருக்கின்றது. அதன்மேல் அவர் நம்மைக் கேட்டது இதுதான்:

"அண்ணே, நான் சாமி கும்பிடுவதை விட்டுப் பத்து வருஷமாயிற்று. அங்கே போனால் மந்திரம் சொல்லச் சொல்லுவார்கள், குரு காலில் விழச் சொல்லுவார்கள் என்கிறார்கள். வலியோ பொறுக்க முடியவில்லை. போகலாமா, கூடாதா?"

இந்தக் கேள்வியைக் கேட்டு நமக்குச் சந்தோஷமும் வெட்கமும் ஒருங்கே உண்டாயின. கொள்கையை நினைத்து ஒரு மனிதர் யோசிக்கின்றாரே என்பது சந்தோஷம். தன் சொந்த முதுகை வளைப்பதற்கும் நிமிர்த்துவதற்கும் ஒரு மனிதன் தன் மானத்தை அடகு வைக்கவேண்டியிருக்குமோ என்று அஞ்சும்படியான நிலைமையை இந்த நாட்டில் உண்டாக்கி வைத்திருக்கின்றார்களே என்பது வெட்கம். தச்சு வேலை கற்கின்றவனை மந்திரம் சொல்லச் சொல்லுகின்றோமா? நீச்சல் கற்கின்ற பையனை, ஆயிரந்தலைப் பாம்பை வணங்கிவிட்டுக் கிணற்றில் குதி என்கின்றோமா? கையைத் தூக்கி இறக்குகின்ற காரியத்திற்கு மட்டும் பாம்பு எதற்கு, குரு பாதம் எதற்கு என்பதுதான் நமது கேள்வி.

நாமே நேரில் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுவோம் என்று ஒரு நாள் விடியற்காலையில் அவர் சொன்ன இடத்தைத் தேடிப் போனோம். கதவு சாத்தியிருந்தது. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த வாலிபர், "இன்றைக்குப் பௌர்ணமிங்க ஐயா. அஷ்டாங்கத்தில் பௌர்ணமியும் அமாவாசையும் அப்பியாசம் கிடையாது. செய்தால் உடம்புக்கு ஆகாது. சந்திரன் இழுக்குமாம்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார். ஆனால் திரும்பிச் சாலையைப் பார்த்தோமோ இல்லையோ, நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாலை நிறைய ஜனங்கள்! இரவெல்லாம் நடந்தவர்களும், அப்போதுதான் புறப்பட்டவர்களும், கிழவிகளும், கைக்குழந்தைக்காரிகளும், செருப்பில்லாத காலோடு 14 கிலோ மீட்டர் மலையைச் சுற்றிக்கொண்டிருக்கின்றார்கள். ஏனென்று கேட்டால் இன்றைக்குப் பௌர்ணமியாம்! இன்று நடந்தால்தான் உடம்புக்கும் உயிருக்கும் நல்லதாம்! சந்திரன் இழுக்குமாம்!

தோழர்களே, இருப்பது ஒரே சந்திரன். சாலைக்கு இந்தப் பக்கத்துக் கடையில், அவன் வந்திருக்கின்றான், ஆகையால் ஒரு மணி நேரங்கூட உடம்பை அசைக்காதே என்கின்றார்கள். சாலைக்கு அந்தப் பக்கத்துக் கடையில், அவன் வந்திருக்கின்றான், ஆகையால் நாலு மணி நேரம் காலைத் தேய்த்து நட என்கின்றார்கள். இரண்டு கடைக்காரர்களும் சாஸ்திரம் என்கின்றார்கள், விஞ்ஞானம் என்றும் சொல்லுகின்றார்கள். இரண்டில் எது பொய் என்று கேட்டால் ஒருவருக்கொருவர் சண்டையாவது போட்டுக்கொள்ளுவார்கள் என்று பார்த்தால் அதுவுமில்லை. "அது பக்தி, இது சாதகம்" என்று சமாதானம் சொல்லி, ஒருவர் வாடிக்கையை ஒருவர் கெடுக்காமல் பிழைக்கின்றார்கள்.

அந்த விஞ்ஞானத்தைச் சற்றுப் பார்ப்போம். கடலில் அலை ஏறுவதற்குச் சந்திரன் காரணம் என்பது உண்மை. மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளைப் பிடித்து முடிச்சுப் போட்டு, ஆகையால் பௌர்ணமியன்று பிராணன் தலைக்கேறி நிற்கும், அமாவாசையன்று கீழே இறங்கிவிடும், அப்போது ஆசனம் செய்தால் எலும்பு முறியும் என்று ஒரு பொய்யைப் பெற்றெடுக்கின்றார்கள். கடலேற்றம் என்பது ஆயிரக்கணக்கான மைல் பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பில், பூமியின் ஒரு பக்கத்தை இழுப்பதற்கும் மறுபக்கத்தை இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தால் உண்டாவது. ஐந்தரை அடி மனிதனுக்குத் தலைக்கும் காலுக்கும் இடையில் அந்த வித்தியாசம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே தகுதியில்லாத அற்பம். திருவண்ணாமலையில் ஐயங்குளம் இருக்கின்றது. அதில் பௌர்ணமியன்று ஒரு விரற்கடை தண்ணீர் உயர்ந்ததாகக் கண்டவர் உண்டா? குளத்துத் தண்ணீரை அசைக்காத சந்திரன் குடத்துத் தண்ணீரை அசைப்பானா, குடத்துத் தண்ணீரை அசைக்காதவன் உன் தொடையிலிருக்கும் தண்ணீரை அசைப்பானா? தவிரவும், அஷ்டமியன்று கடல் ஏறி இறங்கவில்லையா? தினம் இரண்டு வேளை ஏறி இறங்கிக்கொண்டுதானே இருக்கின்றது? அளவில்தான் கூடுதல் குறைவு.

அப்படியானால் இந்த விடுமுறை எங்கிருந்து வந்தது? இதற்கு வானத்தைப் பார்க்கவேண்டியதில்லை, மனுவைப் பார்த்தால் போதும். மனுதர்மம் நான்காவது அத்தியாயத்தில் வேதம் ஓதக்கூடாத நாட்களுக்கு ஒரு ஜாபிதா இருக்கின்றது. அமாவாசையன்று ஓதினால் ஆசிரியன் அழிவான், சதுர்த்தசியன்று ஓதினால் மாணாக்கன் அழிவான், அஷ்டமியும் பௌர்ணமியும் ஓதிய வேதத்தையே அழிக்கும் என்பது அதன் கருத்து. வேத பாடசாலைகளிலும் சமஸ்கிருத பாடசாலைகளிலும் அந்த நாட்களில் பாடம் இல்லாமற்போனது இதனால்தான். இன்று உலகமெல்லாம் பரவியிருக்கும் அஷ்டாங்க யோகத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் என்பவர் மைசூர் மகாராஜா சமஸ்கிருத கலாசாலையில் பல்லாண்டு ஆசிரியராக இருந்தவர். பாடசாலைப் பஞ்சாங்கம் அப்படியே பாய்க்கு வந்துவிட்டது என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அஷ்டமியை மட்டும் ஏன் விட்டார்கள் என்று கேட்கலாம். கடல் கடந்து பணங்கட்டி வருகின்றவர்களுக்கு மாதத்தில் அத்தனை நாள் விடுமுறை கொடுத்தால் கட்டுப்படியாகாது போலும்!

நிற்க. இந்த அஷ்டாங்க யோகம் 5000 வருஷத்துச் சொத்து என்றும், வேத காலத்து ரிஷிகள் செய்தது என்றும் சொல்லப்படுகின்றதே, அந்தச் சங்கதியைக் கவனிப்போம். ஏனென்றால் தொடங்குகின்றவன் முதலில் மிரளுவது இந்த வயதைக் கண்டுதான். அவ்வளவு பழமையான பொருளை நாம் கேள்வி கேட்கலாமா என்று நடுங்கிப்போகின்றான்.

பதஞ்சலி என்பவர் பெயரால் வழங்கும் யோக சூத்திரத்தில் எட்டு அங்கங்கள் சொல்லப்பட்டிருப்பது வாஸ்தவம். யமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்பன அவை. அந்த நூலுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லும் வயது ஏறக்குறைய 1600 வருஷம். அதில் 195 சூத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே மூன்று. அந்த மூன்றிலும் ஒரு ஆசனத்தின் பெயராவது கிடையாது. அசையாமலும் சுகமாகவும் உட்காரவேண்டும் என்பதோடு சரி. குனிவதும், தாவிப் பின்னால் போவதும், கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதும், ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு மூச்சு என்று எண்ணுவதும், இன்று அஷ்டாங்கம் என்று நடக்கின்ற எதுவும் அதில் இல்லை. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஹடயோகப் பிரதீபிகையிலாவது உண்டா என்றால், அங்கே சொல்லப்பட்ட ஆசனங்கள் 15. பெரும்பாலும் உட்கார்ந்தபடி செய்பவை. சூரிய நமஸ்காரம் அதிலும் இல்லை.

நம் சைவப் பண்டிதர்கள் உடனே, வடமொழி எதற்கு, எங்கள் திருமூலர் மூன்றாந்தந்திரத்தில் எட்டு அங்கமும் பாடியிருக்கின்றாரே என்று வருவார்கள். பாடியிருக்கின்றார். வருஷத்துக்கு ஒரு பாட்டாக 3000 வருஷம் உட்கார்ந்து பாடினார் என்று கதை கட்டியிருக்கின்றவர்களோடு நமக்கு வயதைப் பற்றிய வாதம் எதற்கு? அவர் பாட்டிலும் தாவிக் குதிக்கின்ற இந்த அப்பியாசம் கிடையாது என்பதோடு விட்டுவிடுவோம்.

அப்படியானால் எப்போது வந்தது? மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், ஜகன்மோகன் அரண்மனையில் 1933-இல் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் என்பவரைக் கொண்டு ஒரு யோகசாலை ஏற்படுத்தப்பட்டது. அரண்மனையைச் சேர்ந்த பிள்ளைகள் அதில் பழகினார்கள். துறுதுறுப்பான சிறு பையன்களைக் கூட்டமாக வைத்துக்கொண்டு வேலை வாங்குவதற்கு ஏற்றபடி, ஓடுவது போலவும் தாவுவது போலவும் ஆசனங்களை ஒன்றோடொன்று கோத்து ஒரு முறை அங்கே உருவாயிற்று. அதே அரண்மனையில் மல்யுத்தப் பயிற்சியும் மேல்நாட்டு ஜிம்னாஸ்டிக்கும் இருந்தன. சூரிய நமஸ்காரம் அந்தக் காலத்தில் யோகாசனத்தினின்று வேறான வகுப்பாகவே நடத்தப்பட்டது. அதைத் தேகப்பயிற்சியாக நாடெங்கும் பரப்பியவர் மராட்டிய நாட்டில் ஔந்து என்னும் சிறு சமஸ்தானத்தின் ராஜா. அதுவும் 1920-களில்! இவற்றையெல்லாம் ஆதாரங்களோடு ஷோமன் என்பவர் 1996-இலும், மார்க் சிங்கிள்டன் என்பவர் 2010-இலும் புத்தகமாகவே எழுதிவிட்டார்கள்.

கிருஷ்ணமாச்சாரியாரிடம் படித்தவர்தான் 1915-இல் பிறந்த பட்டாபி ஜோயிஸ். 1948-இல் மைசூரில் தனிச் சாலை ஏற்படுத்தினார். 1962-இல் "யோக மாலா" என்று கன்னடத்தில் புத்தகம் வெளியிட்டார். 1970-களில் அமெரிக்கர்கள் வரத் தொடங்கினார்கள், 1975-இல் இவரே அமெரிக்காவுக்குப் போனார். ஆக, இந்த ரிஷி காலத்துச் சொத்துக்கு வயது நூறுகூட ஆகவில்லை. நம் ஊர்களில் இதைவிட வயதான நெல் மில்கள் இருக்கின்றன.

இதற்கு மூல நூல் எங்கே என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில்தான் வேடிக்கை. வாமன ரிஷி எழுதிய "யோக குருந்தம்" என்று ஒரு ஓலைச்சுவடி இருந்ததாம், அதில் எல்லா ஆசனங்களும் வரிசையாக இருந்தனவாம், கிருஷ்ணமாச்சாரியார் அதைப் பார்த்தாராம், பிற்பாடு அதை எறும்பு தின்றுவிட்டதாம்! இந்த நாட்டு எறும்புக்கு எவ்வளவு சமத்து பாருங்கள். கடன் பத்திரத்தைத் தின்னாது, கோயில் மானியப் பத்திரத்தைத் தின்னாது, ஆதாரம் கேட்கப்படுகின்ற புத்தகத்தை மட்டும் தேடிப் போய்த் தின்னும்.

ஒன்றை நாம் யோக்கியமாகச் சொல்லவேண்டும். கிருஷ்ணமாச்சாரியார் பழையதை எடுத்து மாற்றிப் புதியதாக ஒன்றைச் செய்ததில் நமக்குக் கடுகளவும் ஆட்சேபணை இல்லை. அது அறிவுடைய காரியம். அவரிடம் படித்த பட்டாபி ஜோயிஸ் தாவித் தாவிச் செய்வதைச் சொல்லிக் கொடுத்தார். மைத்துனர் அய்யங்கார் நின்ற இடத்தில் நின்று நெடுநேரம் செய்வதைச் சொல்லிக் கொடுத்தார். முதலில் பெண்ணென்று மறுக்கப்பட்டு, மகாராஜா சொன்னபிறகு சேர்த்துக்கொள்ளப்பட்ட இந்திரா தேவி என்னும் ஐரோப்பிய மாது மெதுவான ஒன்றைக் கொண்டுபோனார். மகன் தேசிகாச்சார் சென்னையில் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி என்றார். ஒரு குரு, நாலு சிஷ்யர்கள், நாலு யோகம்! மாறாத வேத வாக்கானால் இது எப்படி நாலு விதமாகும்? மாற்றினோம், மாற்றியது நல்லதாயிருக்கின்றது என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லியிருந்தால் நாமே கை தட்டியிருப்போம். மாற்றியதைச் செய்துவிட்டு, மாற்றக்கூடாதது என்று சொல்லுவதுதான் புரட்டு. அதிலும் எட்டு அங்கத்தில் முதல் அங்கம் யமம், யமத்தில் இரண்டாவது சத்தியம். தொடங்குகின்றவனை யமத்திலிருந்து தொடங்கு என்கின்றவர்கள், தாங்கள் எந்த இடத்தில் தொடங்கினார்கள் என்று கேட்கின்றோம்.

இன்னொரு சங்கதி. கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்கு யோகம் வராது என்று சிலர் பயமுறுத்துகின்றார்கள். யமம் ஐந்து: பிறரை இம்சிக்காமை, பொய் சொல்லாமை, திருடாமை, பிரமசரியம், பொருளைச் சேர்த்துக் குவிக்காமை. இவற்றில் எதற்காவது கடவுள் வேண்டியிருக்கின்றதா? நியமம் ஐந்தில் கடைசியில்தான் ஈசுவரன் வருகின்றான். முதல் பாதத்தில் அவனைப் பற்றிச் சொல்லும்போதும் "அல்லது" என்றுதான் சொல்லியிருக்கின்றது. அதாவது அவன் பல வழிகளில் ஒரு வழி. பதஞ்சலியே "அல்லது" என்று விட்டுவைத்தவனை, பாய் விரிப்பதற்கு முன் வாசலில் நிறுத்தி டிக்கட்டு கேட்க வைத்திருக்கின்றார்கள். பதஞ்சலிக்கும் நாம் சர்ட்டிபிகேட் கொடுக்கவில்லை. அவருடைய மூன்றாம் பாதத்தைப் பிரித்தால் யானை பலம் வரும், மறைந்துபோகலாம், பிறர் உடம்பில் புகலாம், ஆகாயத்தில் போகலாம் என்று அளந்திருக்கின்றது. தொண்டைக் குழியில் மனதை நிறுத்தினால் பசியும் தாகமும் ஒழியும் என்றும் இருக்கின்றது. இது நிஜமானால் ரேஷன் கடைகளை மூடிவிட்டு, ஆளுக்கொரு பாயைக் கொடுத்துவிடலாமே!

சிரிப்பதற்கு இடமில்லாத பகுதிக்கு வருகின்றோம். குருவிடம் உடம்பை ஒப்படைத்துவிட வேண்டும், குரு தொட்டால் அது அருள், கேள்வி கேட்பது அகங்காரம் என்று இந்த முறையில் போதிக்கப்பட்டது. மாணவர்களின் உடம்பைக் கையால் அழுத்தித் திருத்துவது பட்டாபி ஜோயிஸின் வழக்கம். அவர் 2009-இல் இறந்தார். அவர் அப்படித் திருத்துகின்ற சாக்கில் தங்களிடம் தகாத முறையில் நடந்தார் என்று, 2017 முதற்கொண்டு, அவரிடம் படித்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வெளிப்படையாகச் சொன்னார்கள். அவருக்குப்பின் அந்தப் பீடத்திலிருந்த அவருடைய பேரர் சரத் ஜோயிஸ், 2024-இல் காலமானவர், 2019-இல் தாமே அந்த வேதனையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்து எழுதினார். இத்தனை வருஷம் அந்த அறையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? படித்தவர்கள், பணக்காரர்கள், சுதந்திர நாட்டில் பிறந்தவர்கள் ஆயிற்றே! குரு என்ற சொல் அவர்கள் வாயையும் கட்டிவிட்டது. கண்ணால் பார்த்ததையே இது வேறு ஏதோ ஞானமாயிருக்கும் என்று நினைக்க வைத்துவிட்டது. அமெரிக்காவில் படித்த பெண்ணுக்கே இந்தக் கதியென்றால், நம் ஊரில் பதினாறு வயதுப் பெண் பிள்ளையை "குரு சொன்னபடி கேள்" என்று அனுப்புகின்ற தாய் தந்தைகள் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

பெண்களைப் பற்றிப் பேசுகின்றபோது இன்னொன்றும். மாத விலக்கு நாட்களில் பெண்கள் அப்பியாசம் செய்யக்கூடாது என்று இதில் ஒரு விதி உண்டு. இங்கிலீஷில் அதற்கு அழகாக "பெண்கள் விடுமுறை" என்று பெயரிட்டிருக்கின்றார்கள். வயிற்று வலி இருக்கின்றவள் படுத்துக்கொள்ளட்டும். வலி இல்லாதவள் நடக்கட்டும், குனியட்டும், நிமிரட்டும். அது அவள் உடம்பு, அவளுக்குத் தெரியும். களை எடுக்கின்ற பெண்ணுக்கும் சித்தாள் வேலைக்குப் போகின்ற பெண்ணுக்கும் இந்த மூன்று நாள் விடுமுறையைக் கூலியோடு கொடுப்பதாக எந்த யோகியாவது சொல்லியிருந்தால் நாம் அந்த விதியை ஆதரிப்போம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆகையால் அந்தப் பக்கமே போகாதே என்று தையற்கடைத் தோழருக்கு நாம் சொல்லவில்லை. தொட்டிலில் மூட்டைப்பூச்சி இருந்தால் பூச்சியை நசுக்குவதா, குழந்தையைத் தெருவில் போடுவதா? ஆசனம் என்பது தேக அப்பியாசம். அதில் நன்மை உண்டு. நாட்பட்ட முதுகு வலிக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட யோகம் செய்வது சிறிது குணம் தருகின்றது என்பது டாக்டர்கள் பரிசோதித்துக் கண்டது. மற்ற தேகப் பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதும் அவர்கள் கண்டதுதான். நீரிழிவை ஒழிக்கும், புற்று நோயைத் தீர்க்கும் என்கின்றவனிடம் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். 2015 முதல் வருஷந்தோறும் ஜூன் 21-இல் மந்திரிகள் பாய் விரித்துப் படமெடுத்துக்கொள்ளுகின்றார்களே, அதனாலும் யாருக்கும் வலி தீராது.

எப்படித் தொடங்குவது? நாம் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகின்றோம்.

காலையில் வெறும் வயிற்றோடு செய்யவேண்டும். முடியாவிட்டால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது போகட்டும். கோரைப்பாய் வழுக்கும், கெட்டியான ஜமுக்காளம் போதும். கிழக்கு மேற்கு பார்க்கவேண்டியதில்லை, காற்று வருகின்ற பக்கம் பார்த்தால் சரி. நேராக நிற்கவும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்கவும். விட்டுக்கொண்டே குனியவும். முழங்கால் மடங்கினால் மடங்கட்டும், கை தரையைத் தொடாவிட்டால் முழங்காலைத் தொட்டால் போதும். மூச்சை இழுத்துத் தலையை மட்டும் நிமிர்த்தவும். பிறகு கையை ஊன்றிக் காலை ஒவ்வொன்றாகப் பின்னால் வைக்கவும். தாவக்கூடாது. தாவுவது அரண்மனைப் பையன்களுக்காக ஏற்பட்டது. மூச்சை விட்டுக்கொண்டே, முழங்காலைத் தரையில் வைத்து உடம்பைத் தாழ்த்தவும். இழுத்துக்கொண்டே மார்பை நிமிர்த்தவும். விட்டுக்கொண்டே இடுப்பை மேலே தூக்கி, கையும் காலும் தரையிலிருக்க, ஐந்து மூச்சு அப்படியே இருக்கவும். பிறகு வந்த வழியே திரும்பி நிற்கவும். இதுதான் அவர்கள் சொல்லுகின்ற முதல் சூரிய நமஸ்காரம். இதில் நடுவில் வருவதற்கு "சதுரங்க தண்டாசனம்" என்று பெயர். நம் ஊர்த் தாலீம்கானாக்களில் பையன்கள் எண்ணெய் தடவிக்கொண்டு போடுகின்ற தண்டாலுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி! வாசலில் தண்டாலாக இருந்தவரை அதற்கு யாரும் குரு தட்சிணை கேட்டதில்லை.

முதல் வாரம் மூன்று தரம். பிறகு ஐந்து தரம். இதற்கே ஒரு மாதம் ஆகட்டும். பிற்பாடு நின்றபடி குனிகின்ற ஆசனங்கள், அதற்கும் பிற்பாடு உட்கார்ந்து செய்பவை. முடிவில் ஐந்து நிமிஷம் மல்லாந்து படுக்கவும். மூச்சுத் திணறினால் அது அதிகம் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்தவும். தசை இழுக்கின்ற வலி வேறு, மூட்டில் சுளீரென்று குத்துகின்ற வலி வேறு. முன்னது இருக்கும், பின்னது வந்தால் விட்டுவிட வேண்டும். பத்மாசனம் இடுப்பு மூட்டு திரும்புவதால் வரவேண்டியது. அது திரும்பாதவன் வீம்புக்குக் காலை முறுக்கினால் முழங்கால் சவ்வு கிழியும். பின்லாந்து தேசத்தில் இந்த அஷ்டாங்கம் செய்கின்ற 110 பேரை விசாரித்ததில், நூற்றுக்கு 62 பேருக்கு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த காயம் ஒன்றாவது உண்டாகியிருந்தது. அதிகம் கெட்டது தொடையின் பின்பக்கத் தசை. 2008-இல் வெளிவந்த கணக்கு இது. அவர்கள் சந்திரன் நாளில் செய்து கெட்டார்களா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை!

இரத்த அழுத்தம், கண்ணில் நீரழுத்தம், முதுகெலும்பில் வட்டு விலகல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. தலைகீழாக நிற்பது யாருக்கும் முதல் வருஷத்தில் அவசரமில்லை. சொல்லிக் கொடுக்கின்றவர் ஒருவர் இருப்பது நல்லதுதான். கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கின்றவரிடம் எவ்வளவு மரியாதையோ அவ்வளவு மரியாதை கொடுக்கலாம். தொடுவதற்கு முன் கேட்கின்றாரா, வேண்டாமென்றால் விடுகின்றாரா, ஏன் என்று கேட்டால் பதில் சொல்லுகின்றாரா என்று பார்க்கவேண்டும். மூன்றில் ஒன்று இல்லையானாலும் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். மந்திரம் சொல்லுகின்ற நேரத்தில் சும்மா நிற்கலாம். நிற்கக்கூடாது என்றால் அது பள்ளிக்கூடமல்ல, கோயில்.

தோழர் அதற்குப்பின் அந்த வகுப்புக்குப் போய்ப் பார்த்தார். கேட்ட தொகை அவருடைய கடை வாடகையைவிட அதிகம். ஆகவே நாம் சொன்னபடியும், வேறொரு ஊரில் முறையாகப் பழகிய ஆசிரியத் தோழர் ஒருவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து திருத்திக் கொடுத்தபடியும், வீட்டிலேயே தொடங்கினார். நாலு மாதம் ஆகின்றது. சென்ற வாரம் பார்த்தோம். கழுத்து வலி பாதி குறைந்திருக்கின்றது என்றார். முதுகு மழைக்காலத்தில் இன்னும் பிடிக்கின்றதாம். மிஷினை நாலு அங்குலம் உயர்த்தி வைத்ததும், மணிக்கொரு தரம் எழுந்து நிற்பதும் ஆசனத்தைவிட அதிக உதவி செய்ததோ என்று அவருக்கே ஒரு சந்தேகம். இருக்கலாம். அப்படிச் சந்தேகப்படுகின்றவரைத்தான் நமக்குப் பிடிக்கின்றது.

அவர் மகள் பத்தாவது படிக்கின்றாள். அவளும் கூடச் சேர்ந்துகொண்டாளாம். பக்கத்துத் தெருவிலிருந்து சுமை தூக்குகின்ற தோழர்கள் இரண்டு பேரும் வருகின்றார்கள். கடைக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரத்தில் காலை ஐந்தரை மணி முதல் ஆறரை மணி வரை இடம் விடுவதாகத் தோழர் சொல்லுகின்றார். ஆறு பேர் வரையில் படுக்கலாம். ஜமுக்காளம் அவரவர் கொண்டுவர வேண்டும். கட்டணம் கிடையாது. பௌர்ணமியன்றும் உண்டு, ஆனால் அன்றைக்கு மட்டும் கிரிவலக் கூட்டத்தினால் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் வெளியூர்த் தோழர்கள் சற்று முன்னதாகவே புறப்படவும்.